இயந்திரத்திற்குக் கையொப்பம் உண்டோ?

மனு எழுதிக் கொடுக்கும் வழக்கம் எனக்கு என் தந்தையாரிடமிருந்து வந்தது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, காணாமற்போன குடும்ப அட்டை என்று ஏதேனும் ஒன்றைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தமர்வோர் அந்நாளில் பலர். தமிழாசிரியனுக்கு நடை கைவரும் என்னும் நம்பிக்கையில் இன்றும் சிலர் வருகின்றனர். தொல்காப்பியருக்குத் தெரியாத ஓர் இலக்கணம் மனுவுக்கு உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு என்னும் ஐந்துமே அது. பெயருடைய ஒருவர் பெயருடைய வேறொருவரை நோக்கிப் பேசுகிறார் என்பதே இவ்வைந்தின் சாரம். மறுமொழியும் அவ்வாறே வரும். ந.க. எண் இருக்கும், நாள் இருக்கும், அடியில் பச்சை மையில் ஓர் ஒப்பம் இருக்கும். ஒப்பம் படிக்க இயலாதபடி கிறுக்கலாக இருப்பினும் அதற்கடியில் பதவியின் பெயர் தெளிவாக இருக்கும். அவ்வலுவலரிடம் போய், 'ஐயா, இது தாங்கள் இட்டதுதானே?' என்று கேட்கலாம்.

அண்மை ஆண்டுகளில் மறுமொழி கைப்பேசியில் வரத் தொடங்கியுள்ளது. 'தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்று இரண்டு வரி. அனுப்புநர் இடத்தில் சில எழுத்துகளும் எண்களும் நிற்கின்றன. இம்மலருக்குச் செயற்கை நுண்ணறிவு பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு மாணவர்கள் கேட்டபோது, கணிப்பொறித் துறையினர் இருக்கத் தமிழாசிரியனை ஏன் கேட்கிறீர்கள் என்று முதலில் மறுத்தேன். பின்னர் எண்ணிப் பார்க்குங்கால், அரசின் கையில் அக்கருவி ஊழலுக்குத் துணைபோகாமல் தடுப்பது எங்ஙனம் என்பது, மனு எழுதுகிறவனும் கேட்க வேண்டிய கேள்வியாகவே தோன்றிற்று.

நம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில்தான். மாதம் 1000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்திற்குள் இருத்தல் வேண்டும், நன்செய் 5 ஏக்கருக்கோ புன்செய் 10 ஏக்கருக்கோ மிகலாகாது, ஆண்டு மின்நுகர்வு 3600 அலகுக்குள் அடங்க வேண்டும், மகிழுந்து கூடாது. இவை வகுக்கப்பட்ட வரையறைகள். வந்த விண்ணப்பங்களோ ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம். செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சத்திற்கும் மேற்பட்ட மகளிர் தேர்வாகியிருந்தனர். எட்டு வாரங்களுக்குள் இத்தனை தாள்களை மனிதக் கண்கள் மட்டும் படித்திருத்தல் இயலாது. பல துறைகளின் தரவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே பெரும்பகுதி முடிவு செய்யப்பட்டது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. தலையாரிக்குத் தெரிந்தவர், தலைவருக்கு வேண்டியவர் என்று பட்டியல் எழுதிய பழைய முறையைக் கண்டவன் நான். எந்திரத்துக்கு உறவுமுறை கிடையாது என்பது சிறிய நன்மையன்று. மேலும், மறுக்கப்பட்டோர் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும், வருவாய்க் கோட்டாட்சியர் அதனை விசாரிப்பார் என்றும் அரசு அறிவித்தது. குறுஞ்செய்தியின் முடிவில் ஒரு மனிதரின் மேசை வைக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய செயல் இது.

தரவுகளைப் பொருத்திப் பார்ப்பது செயற்கை நுண்ணறிவு ஆகாது என்று வல்லுநர் கூறக்கூடும், ஒத்துக்கொள்கிறேன். இங்கே வரையறையை மனிதர் எழுதினர், எந்திரம் சரிபார்த்தது. செயற்கை நுண்ணறிவிலோ வரையறையையே எந்திரம் பழைய கோப்புகளிலிருந்து தானாகக் கற்றுக்கொள்கிறது. இவர் ஏமாற்றக்கூடியவர், இவர் தகுதியுடையவர் என்று ஊகித்து மதிப்பெண் இடுகிறது. முன்னதில் விதி தெரியும். பின்னதில் விதியும் மறைந்துபோகிறது. ஆயினும் பாதை ஒன்றுதான். முன்னதில் நேரும் இடர்ப்பாடுகளை அறியாமல் பின்னதைத் தடுப்பது பற்றிப் பேசவியலாது.

பெயர்க் குழப்பம் அவ்விடர்ப்பாடுகளுள் முதலாவது. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே உண்டு. எங்கள் தெருவில் மட்டும் அப்துல் ரகுமான்கள் நால்வர். முகம்மது என்னும் திருப்பெயரை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால், பள்ளிச் சான்றில் ஒருவிதம், வாக்காளர் அட்டையில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம் என ஒரே மனிதர் மூவராகிவிடுகிறார். எங்கள் சமுதாயத்தின் தொல்லை மட்டுமன்று இது. தருமபுரிச் சீமையில் மாதம்மாள், மாதையன், முனியம்மாள் இல்லாத ஊர் ஏது? ஒருவர் மூவராவதும், மூவர் ஒருவராவதும் எந்திரத்தின் கண்ணில் எளிது.

புளி தட்டிக் கொட்டை நீக்கிக் கூலி பெறும் ஒரு மூதாட்டி, தமக்கு வந்துகொண்டிருந்த மாத உதவி நின்றுபோனதாகச் சொல்லி என்னிடம் வந்தார். அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றேன். திரையைப் பார்த்த பணியாளர், "சிஸ்டத்துல உங்க பேர்ல நெலம் காட்டுதுங்க பாட்டி" என்றார். மூதாட்டி சிறிதும் தயங்கவில்லை. "அந்த நெலம் எங்க இருக்குதுன்னு அதையே கேட்டுச் சொல்லு சாமி, நான் போயி உழுதுக்கறேன்" என்றார். சிரித்தோம். ஆனால் அடுத்த பல மாதங்கள் சிரிப்பதற்குரியனவாக இல்லை. நிலம் வேறொரு பெயரொத்த பெண்ணுடையது என்று எழுத்தில் தருவதற்கு உரியவர் யார் என்பதே எவருக்கும் தெரியவில்லை. இறுதியில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து குடிசையைப் பார்த்து எழுதிக் கொடுத்த நான்கு வரிகளே தீர்வைத் தந்தன.

இதே குழப்பம் பேருருவம் கொண்டதைத் தெலங்கானாவில் காண்கிறோம். அங்கே சமக்ர வேதிகா என்னும் கணினி அமைப்பு பல துறைத் தரவுகளைப் பெயராலும் முகவரியாலும் இணைத்து, இன்னார்க்கு மகிழுந்து உண்டு, இன்னார்க்கு நிலம் உண்டு என்று முடிவுரைத்தது. 2016 முதல் நீக்கப்பட்ட குடும்ப அட்டைகள் ஏறத்தாழ 19 லட்சம். அவற்றை நேரில் சென்று மறு ஆய்வு செய்யுமாறு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கணினி சொன்னதைக் கால்நடையாய்ப் போய்ச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

இவை பிழைகள், ஊழல் அல்ல என்பீர்கள். பிழை எந்தப் பிளவில் நேர்கிறதோ அதே பிளவில்தான் ஊழலும் நுழைகிறது என்பதற்கு நம் மாநிலமே சான்று. உழவர்க்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் வழங்கும் பிரதமரின் கிசான் திட்டத்தில், பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழித் தற்பதிவு எளிதாக்கப்பட்டது. ஒப்புதல் தரும் உரிமை வேளாண்துறையினரின் கடவுச்சொல்லுக்கு உட்பட்டிருந்தது. 2020 ஆகஸ்டில் உண்மை வெளிப்பட்டது. நிலமே இல்லாதோர் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் உழவர்களாகப் பதியப்பட்டிருந்தனர். ஏறத்தாழ 110 கோடி ரூபாய் தவறாகச் சென்றிருந்தது. முறைகேடு நிகழ்ந்த மாவட்டங்களின் வரிசையில் தருமபுரியும் இருந்தது. கடவுச்சொற்கள் தரகர் கைக்கும் கணினி மையங்களுக்கும் போயிருந்தன. ஒப்பந்தப் பணியாளர் பலர் நீக்கப்பட்டனர், அலுவலர் சிலர் இடைநீக்கம் பெற்றனர், குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. கணினிக்கு ஒருவரும் கையூட்டுத் தரவில்லை. அது தனக்குக் காட்டப்பட்ட கடவுச்சொல்லை நம்பி வாயிலைத் திறந்தது. பச்சை மை ஒப்பத்தைத் தரகனுக்கு வாடகைக்கு விட எந்த அலுவலரும் அஞ்சுவார். ஆறு எழுத்துக் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க அத்தனை அச்சம் எழவில்லை.

ஆயினும் அந்த மோசடியில் ஒரு வசதி இருந்தது. யாருடைய கடவுச்சொல், எந்த நாள், எந்த நேரம் என்று பதிவேடு சொல்லிற்று. ஆதலின் திருடர் அகப்பட்டனர். கற்றுக்கொள்ளும் எந்திரத்தில் அவ்வசதியும் குறைகிறது. ஐயத்திற்குரியவர் என்று ஒதுக்குவதற்கு நூற்றுக்கு எழுபது மதிப்பெண்ணா எழுபத்தைந்தா என்று ஒருவர் ஓர் எண்ணை மாற்றினால், எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையே நிற்கும் ஆயிரம் ஒப்பந்ததாரர்கள் தணிக்கையிலிருந்து தப்பலாம். ஆயிரம் கைம்பெண்கள் உதவியை இழக்கலாம். அந்த எண்ணை மாற்றியவர் எவரையும் பெயர் சொல்லிக் காப்பாற்றவில்லை. ஒரு கோப்பிலும் ஒப்பமிடவில்லை. எந்தப் பழைய தரவைக் காட்டிப் பயிற்றுவது என்னும் தேர்விலும் இதே சூது இயலும். கேட்டால், மென்பொருள் அந்நிறுவனத்தின் வணிக மறையம், வெளியிடலாகாது என்பார்கள்.

எங்கள் மாவட்டத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கடியில் கைகோத்து, விரலைப் பிடித்து விலைபேசுவதைப் பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். விற்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே நிற்பர். விலை மட்டும் துணிக்குள் நடக்கும். அது தனியார் மாடு, அவர்கள் பாடு. பொதுப்பணத்தைத் துண்டுக்கடியில் பேசலாமா?

துண்டை விலக்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவையாகக் கணிக்கப்படுகின்றன. குடவோலை முறையைப் போற்றி மேடைதோறும் முழங்குகிறோம். அஃது ஒரு பிராமண ஊர்ச்சபை, பெரும்பாலோர்க்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை என்பதை அம்முழக்கத்தில் மறந்துவிடுகிறோம். ஆனால் அதன் நடைமுறை நுட்பம் வியப்புக்குரியது. ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் எழுத்து வேற்றுமை அறியாத சிறுவன். யார் பெயர் எது என்று தெரியாதவன் ஆதலின் ஒருதலையாய் எடுக்க மாட்டான். இன்றைய மொழியில் சொன்னால் அவனே அவர்களுடைய எந்திரம். அவனுடைய அறியாமையை நம்பியதோடு அவர்கள் நின்றிருந்தால் வியப்பில்லை. சிறியோரும் முதியோரும் கூடிய சபையில் எடுக்க வேண்டும். குடத்தை உயர்த்திக் காட்ட வேண்டும். எடுத்த ஓலையைப் பெறுபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவர் படித்தபின் அங்குள்ள நம்பிமார் எல்லோரும் படிக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினர். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடும் என்பதை அறிந்திருந்தனர். அதற்கும் மேலாக, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் குடத்துக்குள் போகவே கூடாது என்றனர். மென்பொருள் விற்கும் நிறுவனத்திற்கும் அதை வாங்கும் அலுவலருக்கும் உள்ள உறவை இன்று எந்த ஒப்பந்தப் புள்ளியில் இத்துணை விரிவாகக் கேட்கிறோம்?

இந்த எந்திரங்களின் உயிர்நாடியான 'அல்காரிதம்' என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. இக்கல்லூரி மேடைகளில் இதனைப் பெருமிதத்துடன் பலமுறை கேட்டிருக்கிறேன். பெருமிதத்தோடு மற்றொன்றையும் நினைவிற் கொள்ளலாம். அவருடைய இயற்கணித நூலின் பெரும்பகுதி மரணமுற்றவரின் சொத்தைப் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் பங்கிடும் கணக்குகளால் நிரம்பியது. உரியவர்க்கு உரிய பங்கு போய்ச் சேர வேண்டும் என்னும் கவலையோடு வளர்ந்த கலை அது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது சொல்வதோ கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும், சிறிய தொகையாயினும் எழுதச் சோர்வுறலாகாது என அது விரித்துரைக்கிறது. எழுத்து மட்டும் போதும் என்று அங்கே விடப்படவில்லை. எழுதியவரும் கண்டவரும் உடன் வைக்கப்படுகின்றனர்.

அமானிதம் பற்றிய ஒரு நிகழ்ச்சியும் ஈண்டு பொருந்தும். ஸகாத் திரட்டச் சென்று மீண்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது பொதுநிதிக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தபோது, பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. முதலாண்டு இலவசமாய் நிறுவித் தருகிறோம் என்று அரசு வாயிலில் நிற்கும் மென்பொருள் வணிகர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்நிகழ்ச்சியே நினைவுக்கு வருகிறது.

மேலைநாடுகள் இதில் நம்மைவிடச் சிறந்தன என்று எண்ண வேண்டா. நெதர்லாந்தில் குழந்தைக் காப்பக உதவி பெற்ற பெற்றோர் பல்லாயிரவரை மோசடிக்காரர் என்று வரித்துறை முத்திரை குத்திற்று. ஐயத்திற்குரியவரைத் தெரிந்தெடுத்த நிரல், டச்சுக் குடியுரிமை இல்லாமையையே இடர் மிகுந்ததன் அடையாளமாகக் கொண்டது. துறையின் சட்ட ஆலோசகர் ஒருவர் 2017இலேயே எச்சரித்து எழுதிய குறிப்பு நெடுநாள் வெளிவரவில்லை. 2021 ஜனவரியில் அமைச்சரவை பதவி விலகிற்று. அங்கே எவரும் பணப்பை வாங்கவில்லை. தவறென்று தெரிந்த பின்னரும் மறைத்தனர். என் கணக்கில் இதுவும் ஊழலே.

தமிழ்நாட்டில் எழுத்தளவில் நாம் பின்தங்கவில்லை. 2020 செப்டம்பரில் மாநில அரசு, பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும், பொறுப்புடைமை, தவறான பயன்பாட்டினின்று காப்பு, நேர்மை ஆகியவை அதன் தூண்கள். மக்கள்மீது ஏவுமுன் ஒவ்வோர் அமைப்பையும் மதிப்பெண் இட்டு ஆராய வேண்டும் என்னும் ஏற்பாடும் அதிலுண்டு. நல்ல கொள்கை. ஆனால் கொள்கையைக் காட்டி நீதிமன்றப் படியேறவியலாது, சட்டம் வேண்டும். தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் இயற்றுவதில் 1997இலேயே இந்திய மாநிலங்களுள் முந்திநின்றது தமிழ்நாடு. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திலோ நமக்கு வேண்டிய விதையும் அதற்குரிய பூச்சியும் ஒருங்கே உள்ளன. நான்காம் பிரிவு, நிருவாக முடிவுகளுக்கான காரணங்களை அவற்றால் பாதிக்கப்பட்டவர்க்குத் தர வேண்டும் என்கிறது. எட்டாம் பிரிவு, வணிக மறையங்களைத் தர மறுக்கலாம் என்கிறது; பொதுநலன் பெரிதாயின் தரலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைக்கிறது. அரசுப் பணத்தில் அரசுக்காக முடிவெடுக்கும் நிரலுக்கு வணிக மறையம் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், துண்டு பாதி விலகிவிடும். மீதிப் பாதிக்கு, எந்திரம் ஒருவர்க்கு எதிராகச் சொல்லும் எந்த முடிவும் பெயரும் பதவியும் உடைய ஓர் அலுவலர் ஒப்பமிட்ட பின்னரே நடைமுறைக்கு வரவேண்டும். வேலைப்பளு கூடும் என்பர். கூடட்டும். ஏற்பு வேகமாக நடக்கலாம். மறுப்புக்கு ஒரு மனிதர் வேண்டும்.

வரையறையும் ஒப்பமும் பற்றி இத்துணை வற்புறுத்துவதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு காரணம் உண்டு. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்து வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் சிற்றூருக்குள், சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அப்படியொன்று நிகழவே இல்லை என்று அன்று அதிகாரம் சாதித்தது. வழக்கு நடுவண் புலனாய்வுத் துறையிடம் சென்று, 19 ஆண்டுகள் கழித்து 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். இடையில் 54 பேர் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். வனத்துறையினர் 126, காவலர் 84, வருவாய்த்துறையினர் 5. சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

எழுத்தறிவு குன்றிய அப்பெண்கள் அரசின் கோப்புகளை எதிர்த்து வென்றது எதனால்? எதிரில் நின்றவர்களுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, பணிப்பதிவேட்டில் அன்று அவர்கள் எங்கிருந்தனர் என்பது இருந்தது. அப்பெண்கள் அவர்களை அடையாளம் காட்டினர். முகத்தை இன்று எந்திரமும் அடையாளம் காட்டுகிறது. 2021இல் தமிழ்நாடு காவல்துறை அதற்கான மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. திருடனைப் பிடிக்க அது உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாளை ஒருநாள் அந்த எந்திரம் காட்டிய திசையில் ஒரு சிற்றூருக்குள் வண்டிகள் போய் நின்று, காட்டியது பிழையென்றும் தெரியவந்தால், அவ்வூர்ப் பெண்ணொருத்தி நீதிமன்றத்தில் நின்று யாரை நோக்கிக் கை நீட்டுவாள்?